தேங்காய் எப்படி விழுந்தது?

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

என் மகள் வடிவு வேலை பார்க்கும் பேங்கில் வருடா வருடம் கொடுக்கும் டைரி இது. ஜனவரியில் கொண்டுவந்து, ரிட்டயர் ஆனவர்கள் எல்லாரும் எழுதுகிறார்கள், நீங்களும் எழுதுங்கள் என்று என் கையில் திணித்தாள். ஒன்பது மாதமாக ஒரு வரி எழுதவில்லை. என்னத்தை எழுத? காலையில் இட்லி, மாலையில் நடை. ஆனால் இன்று எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

அம்பை என்கிற அம்பாசமுத்திரத்திலிருந்து வருங்காலச் சம்பந்தி தளவாய் அண்ணாச்சியும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். ஆவணியில் வடிவுக்கு நிச்சயம் முடிந்தது. மாப்பிள்ளைக்குப் பூனாவில் வேலை. கல்யாணத்துக்கு நாள் குறிக்கத்தான் வந்தார்கள். நல்ல நாளும் அதுவுமாக இருக்கிறது, முதலில் பூஜையை முடித்துவிட்டு உட்காருவோம் என்று நான்தான் சொன்னேன். என் வாயை அப்போதே தைத்திருக்க வேண்டும்.

என் மனைவி உலகம்மாள் (எனக்கு உலகு) காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். எனக்கு ஒரு நாளும் இந்தக் கவனிப்பு கிடைத்ததில்லை. கண்ணேறு கழிய விடலை போடவேண்டும். தேங்காயில் சூடம் ஏற்றி, வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி, தெருவில் ஓங்கி உடைப்பதை எங்கள் பக்கம் விடலை என்போம். வீட்டுக்கு வந்த சம்பந்திக்கு மரியாதை செய்ய வேண்டாமா? நீங்கள்தான் போடவேண்டும் என்றேன். அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. அம்பையில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். கை ஒவ்வொன்றும் மண்வெட்டி மாதிரி.

காருக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நின்றார். தேங்காயைத் தலைக்குமேல் தூக்கி, பின்னால் கொண்டுபோய் வீச ஓங்கினார். சூடம் சுட்டதோ, கையில் எண்ணெய் இருந்ததோ, முன்னால் போகவேண்டிய தேங்காய் பின்னால் போய்விட்டது.

காரின் முன்கண்ணாடி முழுக்க விரிசல். தேங்காயோ ஒரு கீறல் இல்லாமல் பானெட்டில் உருண்டு கீழே இறங்கி நின்றது.

சம்பந்தி அம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணாச்சி திரும்பவே மாட்டேன் என்கிறார், தெருவைப் பார்த்தபடியே நிற்கிறார். அபசகுனம் என்று யாராவது வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"நம்ம ரெண்டு வீட்டுக் கண்ணேறும் கண்ணாடியோட போச்சு அண்ணாச்சி. இன்சூரன்ஸ் இருக்கு. காரைச் சரிபண்ணி, இதே கார்ல அம்பைக்கு வந்து நாள் குறிக்கோம். இது என் வாக்கு."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நாள் குறிக்கும் பேச்சு அதோடு நின்றது.

அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கம்பெனிக்குப் போன் போட்டேன். எப்படி உடைந்தது என்று ஒரு பெண் கேட்டது. அண்ணாச்சியோ காப்பித் தம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருக்கிறார். இதோ இவர்தான் உடைத்தார் என்று எப்படிச் சொல்ல? தேங்காய் விழுந்துவிட்டது என்றேன். தென்னை மரத்திலிருந்தா சார் என்றது. "ம்" என்றேன்.

அண்ணாச்சி வடை வேண்டாம் என்றுவிட்டார். இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அவர் வடையை மறுத்துப் பார்த்ததில்லை என்று சம்பந்தி அம்மாள் உலகுவிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்தாராம்.

அக்டோபர் 3, வெள்ளி

கம்பெனிக்குப் போன். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னார்கள். விபத்துக்கு மூன்று. பழைய புகாருக்கு நான்கு. பிறகு பாட்டு. பாட்டு முடிந்து, "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்." பிறகு மறுபடி அதே பாட்டு.

கடைசியில் ஒருவர் வந்து ஆர்.சி. புத்தகத்தின் நகலை அனுப்பச் சொன்னார். நேற்றே அனுப்பினேன் என்றேன். பின்பக்கமும் வேண்டும் என்றார்.

முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் நான். என்னிடமே இந்த வித்தையா! ஒரு கோப்பை நிறுத்த வேண்டுமென்றால் முடியாது என்று சொல்லக்கூடாது. சொன்னால் ஆள் சண்டைக்கு வருவான். ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்பவேண்டும். அவன் பதிலைத் தேடி அலைவான். வந்ததும் இன்னொரு கேள்வி. இந்தப் பொடியன்கள் என்னைப் போன்றவர்களிடம்தான் இதைப் படித்திருக்கவேண்டும்.

அக்டோபர் 6, திங்கள்

வடிவைத் தினமும் எங்கள் ஊரின் மறுகோடியில் இருக்கும் வண்ணார்பேட்டைக்குக் கூட்டிப்போய் அவள் பேங்க் வாசலில் விடத்தான் ரிட்டயர் ஆன கையோடு அந்தக் காரை வாங்கினேன். இப்போது அது தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. இன்று அவள் டவுன் பஸ்ஸில் கிளம்பினாள். நானும் கூடக் கிளம்பினேன்.

"நீங்க எதுக்குப்பா?" என்றாள்.

வண்ணார்பேட்டையில் ஒரு சோலி இருக்கிறது என்றேன். பெண்பிள்ளை, கூட்டமான பஸ். இவள் கடன் பிரிவில் உட்கார்ந்து பெரிய பெரிய காண்ட்ராக்டர்களை எல்லாம் அதட்டி வசூல் செய்கிறவள்தான். இருந்தாலும் பஸ் வேறு, பேங்க் வேறு.

அவளுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. நான் நின்றேன். முருகன்குறிச்சி நிறுத்தத்தில் எனக்கும் பக்கத்தில் இடம் கிடைத்தது. காரில் போகும்போது நான் ரோட்டைப் பார்ப்பேன், அவள் செல்போனைப் பார்ப்பாள். பஸ்ஸில் போன் எடுக்க முடியவில்லை, அதனால் பேசிக்கொண்டே போனோம். அவளை இறக்கிவிட்டு அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். சோலி முடிந்ததா என்று கண்டக்டர் கேட்டார். அவருக்கு எதற்கு இந்த வம்பு?

அக்டோபர் 13, திங்கள்

சாயங்காலம் வடிவு வீட்டுக்கு வந்த பிறகு சர்வேயர் வந்தார். பெயர் ஞானதுரை. சேதத்தைப் பார்த்து எழுத கம்பெனி அனுப்பும் ஆள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நின்று ஆகாயத்தை அண்ணாந்து பார்த்தார். வீட்டைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்து, மறுபடி ஆகாயத்தைப் பார்த்தார்.

"சார், மரம் எங்க?"

வாசலில் நிற்பது வேப்பமரம். எங்கள் தெருவில் தென்னையே கிடையாது. அடுத்த தெருவில் மூன்றாவது வீட்டில் ஒன்று நிற்கிறது என்றேன். அங்கிருந்து இங்கே வந்து விழவேண்டுமானால் தேங்காய்க்கு றெக்கை இருக்கவேண்டும் என்றார். வீட்டுக்குள் வடிவு சிரிக்கிற சத்தம் கேட்டது.

விழுந்த காய் இருக்கிறதா என்றார். உலகு அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். கண்ணேறு சுற்றிய காய், சமையலுக்கும் ஆகாது, தூரப் போடவும் மனசில்லை. கொண்டுவந்து கொடுத்தாள். ஞானதுரை அதை உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"நார் உரிச்சிருக்கு. குடுமி வச்சிருக்கு. மஞ்சள் தடவியிருக்கு. மேல சூடம் எரிஞ்ச கருப்பு. உங்க ஊர்ல மரத்துலயே இப்படித்தான் காய்க்குதா சார்?"

இதற்குமேல் மறைத்து என்ன பயன்? நடந்ததைச் சொன்னேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பூஜை முடிந்த வாரம் எல்லாம் தனக்கு இதே சோலிதான் என்றார். போன வருடம் ஒருவர் எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றுகிறேன் என்று காரைச் சாக்கடைக்குள் இறக்கிவிட்டாராம். தவறி விழுந்தாலும் கைதவறினாலும் விபத்துதான், பொய் சொன்னால்தான் பிரச்சினை. நடந்ததை எழுதிக் கொடுங்கள், வீசியவரிடம் இரண்டு வரி வாங்கிக் கொடுங்கள், போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் சம்பந்தியிடம் போய், "சம்பந்தி கார் கண்ணாடியை உடைத்தது நான்தான்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்பதா? பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் வாக்குமூலம் வாங்குவதா? உலகு தான் கேட்பதாகச் சொன்னாள். கூடவே கூடாது என்றுவிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

அம்பையிலிருந்து தளவாய் அண்ணாச்சி பஸ்ஸில் பெரிய பார்சல் போட்டுவிட்டிருந்தார். அல்வா, முறுக்கு, வடிவுக்குப் பட்டுச்சேலை. மத்தியானம் போனும் வந்தது. வாழ்த்துச் சொன்னார். பிறகு சின்னக் குரலில், "கார் என்னாச்சு அண்ணாச்சி?" என்றார். இரும்புக்கடைக்காரருக்கு இவ்வளவு சின்னக் குரல் உண்டு என்று எனக்குத் தெரியாது.

கம்பெனிக்காரன் இழுக்கிறான் என்றேன். தானே கண்ணாடியை மாற்றித் தந்துவிடுகிறேன் என்றார். என் மூச்சு இருக்கும்வரை அது நடக்காது என்றேன். உலகுவும் நாமே மாற்றிவிடலாம் என்று நச்சரிக்கிறாள். வருடா வருடம் எதற்குப் பிரீமியம் கட்டுகிறோம்? உரிமையை விட்டுக்கொடுக்கிற வம்சமா நாம்?

நவம்பர் 2, ஞாயிறு

மழை. தார்ப்பாயைச் சரியாக இழுத்துவிடப் போனால், நான் ஏற்ற மறந்த ஜன்னல் வழியே புகுந்து, காரின் பின்சீட்டில் தெருப் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. என்னைப் பார்த்துச் சீறுகிறது. கார் யாருடையது என்று அதற்கு ஒரு சந்தேகமும் இல்லை. குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. இப்போது ஒர்க் ஷாப்புக்கு அனுப்பச் சொன்னாலும் எப்படி அனுப்ப?

நவம்பர் 10, திங்கள்

ஒரு வழியாகக் கம்பெனியிலிருந்து மெயில். வடிவு பேங்குக்குப் போன பிறகு நானே திறந்து படித்தேன். சர்வேயர் அறிக்கையே போதுமாம், வீசியவரின் கடிதம் தேவையில்லையாம். மெயிலோடு இணைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் கண்ணாடி மாற்ற ஒப்புதல் கொடுத்துவிடுவார்களாம்.

படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் நான் இல்லை. மூன்று முறை படித்தேன். 'முன்கண்ணாடி மற்றும் அதைச் சார்ந்த பாகங்கள்' என்று இருக்கிறது. சார்ந்த பாகங்கள் என்றால் என்ன? வைப்பர் சேருமா, சேராதா? இதைத் தெளிவுபடுத்தவும் என்று பதில் எழுதினேன். பின்னால் தகராறு வரக்கூடாது பாருங்கள்.

நவம்பர் 13, வியாழன்

வைப்பர் சேரும் என்று பதில் வந்துவிட்டது. மூன்றே நாளில்! கண்ணாடி ஓரத்து ரப்பர் பட்டை சேருமா என்று கேட்டிருக்கிறேன்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை பிறந்துவிட்டது. ஜோசியர் கார்த்திகை கடைசியில் இரண்டு நல்ல முகூர்த்தம் சொல்லியிருக்கிறார் என்று உலகு காலையிலேயே ஆரம்பித்தாள். நாளைக்கே அம்பைக்குப் போவோம், வாடகைக் கார் கிடைக்காதா என்றாள். இதே காரில் வருவோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், வாக்கு என்றால் உனக்கு விளையாட்டா என்று கேட்டேன்.

"அந்தக் கம்பெனிக்காரன் ஆமைன்னா, நீங்க ஆமைக்கு அண்ணன்" என்றாள்.

நான் என்ன செய்ய? கம்பெனி அப்படி. மார்கழி பிறந்துவிட்டால் அப்புறம் ஒரு மாதம் யாரும் கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது என்று புலம்பினாள். ஆமாம், மார்கழியில் எடுக்க முடியாதுதான். அதற்கு நான் என்ன செய்ய?

நவம்பர் 24, திங்கள்

வழக்கம்போல் வடிவோடு பஸ்ஸில் போனேன். நல்ல மழை. ஜன்னலை மூட முடியவில்லை, ஷட்டர் துரு. வடிவின் குடையை ஜன்னலுக்கு மறைப்பாக விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். பின்சீட்டுக்காரர் முனகினார்.

வடிவு திடீரென்று என் அலுவலகக் காலத்தைப் பற்றிக் கேட்டாள்.

"ஒரு ஃபைலை யாருக்கும் தெரியாம நிறுத்தி வைக்கணும்னா என்னப்பா செய்வீங்க?"

அவள் இப்படியெல்லாம் என்னிடம் கேட்டதே இல்லை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. முடியாது என்று சொல்லக்கூடாது, கேள்விதான் கேட்கவேண்டும், பதில் வந்ததும் அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வி எடுக்கவேண்டும், குற்றத்தை எதிராளிமேல் போட்டு அவனைவிட அதிகமாக நாமே சத்தம் போடவேண்டும் என்று ஒன்று விடாமல் விளக்கினேன். கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டே வந்தாள். வண்ணார்பேட்டை வந்துவிட்டது.

"அப்படியாப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். குடையை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். படியிறங்கும்போது தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா, மழையில் குளிரா, தெரியவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

பூனைக்குட்டிகள் கண் திறந்து, சீட்டைக் கிழித்து, ஸ்டியரிங்கில் ஏறி விளையாடுகின்றன. இன்னும் சின்னக் குட்டிகள்தான். ரப்பர் பட்டை சேரும் என்று பதில் வந்திருக்கிறது. அடுத்து என்ன கேட்கலாம் என்று பார்க்கவேண்டும். கார் பூஜையில் போட்ட மாலையின் கறை கண்ணாடிச் சட்டத்தில் இருக்கிறது, அது சேதத்தில் வருமா?

டிசம்பர் 5, வெள்ளி

கம்பெனியிலிருந்து நினைவூட்டல். வெள்ளிக்கிழமை, ராகு காலம். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 8, திங்கள்

வடிவை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் கூடத்தில் தளவாய் அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார். முன்னறிவிப்பு இல்லை, போன் இல்லை. நிச்சயத்தை முறித்துக்கொள்ள வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். இரண்டு மாதம் நாள் குறிக்காமல் இழுத்தால் எந்த வீட்டில் பொறுப்பார்கள்? காப்பியை வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

உலகு வடைக்கு அரைக்க உள்ளே போனாள். அவர் மெதுவாகச் சொன்னார்.

"நேத்து முன்தினம் நான் அந்தக் கம்பெனி ஆபீசுக்குப் போயிருந்தேன் அண்ணாச்சி."

எனக்குப் புரையேறியது.

அவரால் தாங்க முடியவில்லையாம். தன் கையால்தானே எல்லாம் என்று தூக்கமே இல்லையாம். நேரே போய் அங்கே இருந்த பெண்ணிடம், நான்தான் உடைத்தேன், எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அந்த நல்ல மனுசனை அலையவிடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, உங்கள் கடிதம் வேண்டியதில்லை என்று போன மாதமே முடிவாகிவிட்டது, கார்க்காரரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி, எத்தனை முறை கேட்டாலும் அவர் ஏதாவது சந்தேகம் கேட்கிறார் என்றதாம்.

நான் காலண்டரைப் பார்த்தேன். கதவைப் பார்த்தேன். அவர் முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை. இப்போது கத்துவார், இப்போது எழுந்து போவார் என்று காத்திருந்தேன். அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே தன் மூத்த மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"வீட்டுக்கு வெள்ளையடிச்சிட்டுத்தான் நாள் குறிக்கணும்னு நாலு மாசம் இழுத்தேன். வெள்ளையடிக்குதவன் வரலை, வரலைன்னு வீட்ல கெடந்து கத்துவேன். ஆனா அவன் வீட்டுக்கு நானே போயி, நான் சொல்லுத வரைக்கும் எங்க தெருப்பக்கம் வந்திராதலேன்னு சொல்லிட்டு வந்தது எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். இப்ப உங்களுக்கும் சொல்லிட்டேன்."

மேல்துண்டால் முகத்தைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். அவர் எழுந்து வந்து அந்த மண்வெட்டிக் கையை என் தோளில் வைத்தார்.

"அவ மைசூர்ல நல்லாத்தான் இருக்கா. நமக்குத்தான் கொஞ்ச நாளைக்கு வீடு பெருசாத் தெரியும். சரி, உள்ள வடை வாசம் வருதே?"

எட்டு வடை சாப்பிட்டார். போகும்போது உலகுவிடம், கம்பெனிக்காரன் இந்த வாரம் முடித்துவிடுவான் என்று விசாரித்துவிட்டுத்தான் வருகிறேன் என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட சம்பந்தி எனக்குக் கிடைத்திருக்கிறார். ஒரு கண்ணாடி என்ன, வீட்டு ஜன்னல் எல்லாவற்றையும் அவர் உடைக்கலாம்.

டிசம்பர் 9, செவ்வாய்

காலையில் பஸ்ஸில் வடிவிடம், கம்பெனியில் ஒரு கையெழுத்துக் கேட்கிறார்கள், இன்று போட்டு அனுப்பப் போகிறேன் என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

"ஞானதுரை சார் போன மாசமே எங்க பேங்குக்கு வந்திருந்தாருப்பா. எல்லாம் சொன்னாரு" என்றாள்.

எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடுகிற பஸ்ஸில் எங்கே இறங்க?

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினாள். "நானும் பூனாவுக்கு டிரான்ஸ்ஃபர் அப்ளிகேஷன் இன்னும் குடுக்கலை. மேனேஜர் தினம் கேக்காரு. சிஸ்டம் வேலை செய்யலை, சிஸ்டம் வேலை செய்யலைன்னு சொல்லிக்கிட்டு வாரேன்."

என் மகள்தான். யார் இல்லையென்றது? எனக்கு அழுகை அழுகையாக வந்தது. நல்லவேளை, மழைச்சாரல் இருந்தது. மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையா என்று பயந்துபோய்க் கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டாள். அவரைப் பிடித்திருக்கிறதாம். இந்த பஸ்ஸும் பிடித்திருக்கிறதாம்.

வண்ணார்பேட்டையில் இறங்குமுன் ஓர் ஒப்பந்தம் போட்டோம். சாயங்காலத்துக்குள் நான் கையெழுத்துப் போடவேண்டும், அவள் அப்ளிகேஷன் கொடுக்கவேண்டும். யாரும் கேள்வி கேட்கக்கூடாது.

போட்டுவிட்டேன். அவளும் கொடுத்துவிட்டாள்.

டிசம்பர் 10, புதன்

ஒப்புதல் வந்துவிட்டது! நேற்றுச் சாயங்காலம் அனுப்பினேன், இன்று காலை பத்து மணிக்கு ஒப்புதல். ஒர்க் ஷாப்காரன் மத்தியானமே வந்து காரை எடுத்துப் போய்விட்டான். இதென்ன கம்பெனி! ஒரு பொறுமை வேண்டாமா, ஒரு நிதானம் வேண்டாமா? நாலு இடத்தில் விசாரித்து, இரண்டு கேள்வி கேட்டு, அல்லவா ஒப்புதல் கொடுக்கவேண்டும்? பணத்தை இப்படித்தான் வாரி இறைப்பார்களா?

பூனைக் குடும்பம் மாடிப்படிக்குக் கீழே குடியேறிவிட்டது. தாய் என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

புதுக் கண்ணாடியோடு அம்பைக்குப் போனோம். நான் ஓட்டினேன். சேரன்மகாதேவி தாண்டியதும் ஒரு மாட்டுவண்டி எங்களை முந்தப் பார்த்தது என்று உலகு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவு மோசமில்லை. அது டிராக்டர்.

தை மாதத்தில் நாள் குறித்தாயிற்று. எழுந்திருக்கும்போது ஒரு தேங்காயை எடுத்து அண்ணாச்சியிடம் நீட்டினேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அன்றைக்குப் போடாத விடலை பாக்கி இருக்கிறது, நீங்கள்தான் போடவேண்டும் என்று விடாப்பிடியாக நின்றேன். காரைத் தெருமுனை தாண்டிக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்துதான் கொடுத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. ஓங்கிப் போட்டார். சுக்குநூறு. ஒரு சில்லு எதிர்வீட்டு மாடிக்கே போய்விட்டது.

டிசம்பர் 31, புதன்

வடிவு அடுத்த வருட டைரி கொண்டுவந்தாள். இரண்டு. அம்மாவுக்கு ஒன்று. பூனா கிளையிலும் கொடுப்பார்களாம், தபாலில் அனுப்புவாளாம். தபாலில் வருகிற டைரியில் என்னத்தை எழுத?

பிப்ரவரி 9, திங்கள்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நேற்று மாப்பிள்ளையும் வடிவும் பூனாவுக்கு ரயிலேறினார்கள். மதுரை வரை போய் ஏற்றிவிட்டு வந்தோம்.

இன்று காலை வழக்கமான நேரத்துக்குச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். கார் பளபளவென்று நிற்கிறது. எங்கே போக? உலகு சமையலறையிலிருந்து பார்த்துவிட்டு இன்னொரு காப்பி கொண்டுவந்து வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் போன் வந்தது.

கம்பெனிக்காரர்கள். டிசம்பரில் முடிந்த வேலைக்கு இப்போது கருத்துக் கேட்கிறார்கள். சின்னப் பெண் குரல், வடிவைவிடச் சின்னவளாக இருக்கும். எங்கள் சேவையின் வேகத்துக்கு ஒன்று முதல் பத்து வரை எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்று எழுதி வைத்ததைப் படித்தது. திட்டு வாங்கத் தயாராக இருக்கிற குரல்.

"பத்து போட்டுக்கோம்மா" என்றேன்.

நம்பவில்லை. பத்துதானே சார் அதிகம், ஒன்று குறைவு, மாற்றிச் சொல்கிறீர்களா என்று கேட்டது. பத்தேதான் என்றேன். சந்தோஷமாக எழுதிக்கொண்டது. பிறகு, எங்களிடம் வேறு ஏதாவது குறை உண்டா சார் என்றது.

"ஒரே ஒரு குறைதாம்மா. ரொம்பச் சீக்கிரமா முடிச்சிட்டீங்க."